இருபத்து நாலாவது பார்சல்

க்ர்ர்ர்ர்...

காதில் மாட்டியிருந்த கருவி திடீரென்று இரைந்தது. தனுசியா திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 15:31.

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியதல்ல. நம்பாதவர்கள் டென்மார்க்கில் உள்ள ஹோர்சன்ஸுக்குப் போய், அன்று அந்த பஸ்ஸில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சுற்றிப் பார்க்கப் போன ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். டென்மார்க்கின் தென்கோடியில், எல்லையை ஒட்டிய ஒரு பழைய நகரம். நூறு வருடங்களுக்கு முன்புவரை ஜெர்மனியின் கையில் இருந்தது. கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், ஒன்றோடொன்று தோள் சாய்த்து நிற்கும் செங்கல் வீடுகள், கதவு நிலைகளில் இன்றும் அழியாத ஜெர்மன் எழுத்துக்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. ஹோர்சன்ஸ் தமிழ்ச் சங்கம் பழைய நகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருந்தது. ஏற்பாடெல்லாம் தனுசியாதான். அவள் கூட்டிவந்தவர்கள் இருபத்து நாலு பேர். அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா, தவராஜா.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு வருடமாக மறதி. வருகிற செவ்வாய்க்கிழமை கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வரப்போகிறாள். அப்பா வீட்டிலேயே இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டுமா என்பதை அவள்தான் முடிவு செய்வாள். காலையில் அம்மா ஞானேஸ்வரி வாசலில் நின்று எச்சரித்தார்.

“இந்த மனுசன் ஒருக்காத் துலைஞ்சாலும் போதும் பிள்ளை. கொண்டுபோய் அங்கை விட்டிடுவினம்.”

அப்பா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நீலமும் மஞ்சளும் கோடு போட்டு அம்மா பின்னிய தொப்பி. “நான் ஏன் துலையிறன்? விலாசம் பாடம்.” பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வீட்டு விலாசத்தை ஒப்புவித்தார். தனுசியா மூன்று மாதமாகச் சொல்லிக் கொடுத்துப் பாடமாக்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்னை அங்கை விடமாட்டாய், என்ன?”

“விடமாட்டன் அப்பா.”

வழிகாட்டி பீற்றர் ஓய்வுபெற்ற டேனிஷ் வாத்தியார். அவர் ஒரு சின்ன மைக்கில் பேசுவார். எல்லோருடைய காதிலும் உள்ள கருவியில் அது கேட்கும். “நூறு மீற்றருக்குத்தான் எட்டும். என் குரல் நின்றுவிட்டால் நீங்கள் தொலைந்துவிட்டீர்கள்” என்று தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

15:31க்கு அவர்கள் நின்றது ஒரு நீண்ட, தாழ்ந்த வீட்டின் முன்னால். ஜன்னல்கள் எல்லாம் பலகை அடித்து மூடியிருந்தன.

“ஜெர்மன் காலத்து ஏழை விடுதி. ஆதரவில்லாத கிழவர்களை இங்கேதான் வைத்திருந்தார்கள். இருபத்து நாலு கட்டில்கள்” என்றார் பீற்றர்.

கோயம்புத்தூர்க்காரன் ஐயப்பனால் சும்மா இருக்க முடியாது. “நாமளும் கரெக்டா இருபத்து நாலு பேரு. ரூம் போட்டுடலாமாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கடைசி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கருவி இரைந்தது. பீற்றரின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். ஒரு பெண்ணின் குரல். வறண்டது. ஜெர்மன் மொழி. தனுசியா பள்ளியில் படித்த ஜெர்மன் அதைப் புரிந்துகொள்ளப் போதும். அந்தக் குரல் எண்ணிக்கொண்டிருந்தது.

...இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று...

நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

“ஐயப்பன், உங்களுக்கும் கேக்குதோ?”

“என்னக்கா? பீற்றர் சார்தானே பேசுறாரு?”

அப்பா கையைத் தூக்கி அந்த ஜன்னலுக்கு அசைத்தார்.

“ஆருக்கு அப்பா கை காட்டுறியள்?”

“அங்கை ஒருத்தர் நிக்கிறார். பாவம்.”

பலகை. வெறும் பலகை.

15:50. இருட்டிவிட்டது. பனியும் மழையும் கலந்து கொட்டத் தொடங்கியது. தனுசியா பீற்றருக்கு நன்றி சொன்னாள். அப்பாவை மற்றவர்களோடு வரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க பஸ்ஸுக்கு முன்னால் ஓடினாள்.

அங்கேதான் பிழை நடந்தது.

ஆட்களைத் தலை தலையாகச் சுட்டி எண்ணினால் கண்ணூறு படும் என்பது அம்மாவின் சொல். சங்கத்துப் பயணங்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆட்களை எண்ணுவதில்லை, பார்சலைத்தான் எண்ணுவது. பஸ் படியில் ஏற ஏற ஆளுக்கொரு இடியப்பப் பார்சல். பெட்டி காலியானால் எல்லோரும் ஏறியாயிற்று. பத்து வருடமாக ஒரு தடவையும் பிசகியதில்லை.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று. குனிந்தபடியே கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு கை நீண்டது. நீலமும் மஞ்சளுமான தொப்பி கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. கையில் உறை இல்லை. விரல்கள் ஐஸ்.

“கையுறையை எங்கை போட்டனீங்கள் அப்பா?”

அந்தக் கை பார்சலை இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே போனது. பின் இருக்கைப் பக்கம்.

பெட்டி காலி.

“சரி கிருஷாந்த், எடு” என்றாள் ஓட்டுநரிடம். 16:05.

வெளிச்சமான பெருந்தெரு. சூடான பஸ். பின்னால் யாரோ கடதாசி பிரிக்கும் சத்தம். தனுசியா கண்ணை மூடினாள். கருவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து போயிருந்தாள். அது இன்னும் காதில்தான் இருந்தது.

16:19.

க்ர்ர்ர்ர்...

நகரம் பதினைந்து கிலோமீற்றர் பின்னால் இருந்தது. கருவி எட்டும் தூரம் நூறு மீற்றர்.

...இருபத்திரண்டு. இருபத்து மூன்று...

சின்ன இடைவெளி.

இருபத்து நாலு.

பிறகு ஒரு சத்தம். பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம்.

டொக்.

தனுசியா எழுந்தாள். பின்னால் நடந்தாள். கடைசி வரிசை. ஜன்னலோர இருக்கை.

யாரும் இல்லை.

இருக்கை ஈரமாக இருந்தது.

“அங்கிளைத் தேடுறீங்களாக்கா?” முன் இருக்கையிலிருந்து ஐயப்பன் திரும்பினான். “இங்கதானே இருந்தாரு! இப்பதானே பார்சலைப் பிரிச்சாரு...”

பஸ் எங்கேயும் நிற்கவில்லை.

“கிருஷாந்த்! திருப்பு! அப்பா இல்லை!”

16:41. தனுசியா போனில் சொல்லியிருந்ததால், பீற்றர் சாவியோடு விடுதி வாசலில் காத்து நின்றார். தெருவெல்லாம் தேடிவிட்டாராம். எஞ்சியது இது ஒன்றுதான். கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு. துருப்பிடித்தது. படியில் பனி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

திறந்தார்கள்.

டோர்ச் வெளிச்சம். வெறும் கூடம். கட்டில்கள் எப்போதோ போய்விட்டன. சுவரில் எண்கள் மட்டும் வரிசையாக. ஒன்று... ஏழு... பதினாறு...

கடைசி எண்ணின் கீழே அப்பா உட்கார்ந்திருந்தார். வெறும் தலை. கழற்றிய சப்பாத்து இரண்டும் பக்கத்தில் ஒழுங்காக இருந்தன.

“அப்பா!”

“மெல்லக் கதை பிள்ளை. எல்லாரும் படுத்திட்டினம்.”

அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது.

“தொப்பி எங்கை அப்பா?”

“அந்த மனுசனுக்குக் குடுத்திட்டன். வீட்டை போகவேணும் எண்டு அழுதார். போக வீடு இல்லையாம். சரி, என்ரை இடத்திலை போங்கோ எண்டு சொன்னன்.”

“என்ன பாசையிலை சொன்னவர்?”

அப்பா யோசித்தார். “தெரியாது. ஆனா விளங்கினது.”

பீற்றர் என்னவென்று கேட்டார். தனுசியா டேனிஷில் சொன்னாள். அவர் டோர்ச்சைக் கடைசி எண்ணின் மேல் பிடித்தார்.

“இந்த விடுதிக்கு ஒரு விதி இருந்தது” என்றார் மெதுவாக. “மேற்பார்வைக்காரி தினமும் இருட்டும் நேரத்தில் எண்ணிப் பார்த்துத்தான் பூட்டுவாள். ஒருவர் வெளியே போகவேண்டுமென்றால், அவருடைய கட்டிலுக்கு இன்னொருவர் வரவேண்டும். பெயரேட்டை நான் படித்திருக்கிறேன். எல்லோருக்கும் இறந்த தேதி இருக்கிறது. இருபத்து நாலாம் கட்டில்காரருக்கு மட்டும் இல்லை.”

அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

இந்த முறை தனுசியா கண்ணூறைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணினாள். இருபத்து நாலு. இரண்டாம் முறையும் இருபத்து நாலு. பஸ் கிளம்பியது. அப்பா அவள் தோளில் சாய்ந்தார். அவருடைய கையை அவள் விடவில்லை.

“அந்த மனுசன் விலாசம் கேட்டார் பிள்ளை” என்றார் அரைத் தூக்கத்தில். “ஒரு எழுத்தும் பிழைக்காமல் சொல்லிக் குடுத்தனான்.”

தனுசியா அவர் பக்கம் குனிந்தாள்.

“ஆரின்ரை விலாசம் அப்பா?”

அப்பா தூங்கிவிட்டார்.

17:10. போன் அடித்தது. அம்மா.

“என்ன பிள்ளை, உன்ரை அப்பாவைத் தனிய இறக்கிவிட்டிட்டு நீ எங்கை நிக்கிறாய்? மனுசன் தொப்பியும் கழட்டேல்லை, ஒரு கதையும் இல்லை, சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து உன்ரை இடியப்பத்தைச் சாப்பிடுறார்.”