ஓடிக்கொண்டிருந்த கம்பெனி

எங்கள் தாலுகாவைப் பின்தங்கிய பகுதி என்று அறிவித்துவிட்டதாக ஒருநாள் அப்பா ஒலக்கூரிலிருந்து செய்தி கொண்டுவந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் பின்தங்கியவர்களை வெளியே வெயிலில் முட்டி போட வைப்பார்கள். ஒரு தாலுகாவே பின்தங்கினால் அதற்குக் கம்பெனி கொடுப்பார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. மெட்ராஸ்காரர்கள் நம் பக்கம் வந்து கம்பெனி கட்டினால் செலவில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும், அதனால் இனிமேல் வரிசையாக வருவார்கள் என்று அப்பா சொன்னார். யார் கேட்டாலும் அதே வார்த்தைகளில், அதே முகத்தோடு சொன்னார். அவரே கூப்பிட்டு வரவழைத்தது போல இருக்கும்.

வரிசையாக வரவில்லை. ஒன்று வந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, மெட்ராஸ் போகும் பெரிய ரோட்டோரம், வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த ஒரு மேட்டில் நீளமாக ஒரு கொட்டகை எழுந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் சிமெண்ட். ரேடியோப் பெட்டிக்குள் வைக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் கம்பெனி என்றார்கள். பத்தாவது வரை படித்த பெண்களாகப் பார்த்துப் பதினொரு பேரை எடுத்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து சிலர், காலனியிலிருந்து சிலர். எங்கள் வீட்டிலிருந்து அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தாவது முடித்து ஆறு வருஷமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். திருவாமாத்தூரில் பம்புசெட்டோடு நிலம் வைத்திருந்த ஒருவர் அவளைப் பெண் கேட்டிருந்தார். முதல் மனைவி தவறிப்போனவர், வயதும் கொஞ்சம் கூட. கம்பெனி வந்ததும் அப்பா அந்தப் பேச்சைத் தள்ளிவைத்தார். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இன்னும் நல்ல இடமாக வரும் என்பது அவர் எண்ணம்.

திறப்பு விழாவுக்கு முன்பே பத்து நாள் வேலை பழக்கினார்கள்; அந்தப் பத்து நாளும் அத்தை வீட்டுக்கு வந்தால் மிஷினைப் பற்றித்தான் பேச்சு. வலது கையால் பிடியைச் சுற்ற வேண்டும். இடது கை விரலிடுக்கில் முடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஓடும். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது. ஒரு காயிலுக்கு முந்நூறு சுற்று. எண்ணிக்கை தவறினால் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். சோறு பிசையும்போதுகூட அவளுடைய வலது கை கொஞ்சம் வட்டமாகவே போகும். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

திறப்பு விழாவுக்கு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது, பிறகு நிரந்தரம் என்றார் மெட்ராஸ் முதலாளி. அதற்குப் பிறகு அத்தை தினமும் எட்டு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. மிஷினைப் பற்றி அவள் பேசுவது மட்டும் நின்றுபோயிருந்தது. வேலை பழகிவிட்டால் அப்படித்தான் என்றார் அப்பா.

காலாண்டுப் பரீட்சை லீவு. ஒருநாள் அத்தை சோற்றுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, ஜல்தியா போயி குடுத்துட்டு வா. பாவம், பட்டினியா வேல செஞ்சிக்கினு இருப்பா,” என்றாள்.

உச்சி வெயில். பெரிய ரோட்டில் லாரி எதுவும் வரவில்லை. மேட்டுக்கு ஏறும் பாதையில் புதிதாக நட்டிருந்த மின்கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் கம்பி இல்லை. கம்பெனி என்றால் தூரத்திலேயே சத்தம் கேட்கும் என்று நான் நினைத்திருந்தேன். கிட்டப் போகப் போக என் செருப்புச் சத்தம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது. வெயிலில் கூரை மட்டும் அவ்வப்போது டக்கென்று முறிகிற மாதிரி ஓர் ஓசை எழுப்பியது. கேட்டில் ஆள் இல்லை.

பிறகு உள்ளேயிருந்து முணுமுணுப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல, ஆனால் மிகவும் தணிந்த குரலில், பல வாய்கள் ஒரே சீராக.

“நூத்தி நாப்பத்தொண்ணு. நூத்தி நாப்பத்திரெண்டு. நூத்தி நாப்பத்திமூணு.”

ஜன்னல் விளிம்பில் தொற்றிப் பார்த்தேன். கொட்டகை காலியாக இருந்தது. மேசை இல்லை, மிஷின் இல்லை, கம்பிச் சுருள் இல்லை. சிமெண்ட் தரையில் இரும்பு மேசைக் கால்கள் விட்டுப்போன துருக்கறை நாலு நாலாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாலு கறைக்கும் பின்னால் ஒரு பெண் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு பேர், இரண்டு வரிசை. எல்லாருடைய வலது கையும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை எதையோ கிள்ளிப் பிடித்தபடி மெதுவாக நகர்ந்தது, ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. கண்கள் எல்லாம் விரல் நுனியில், எதுவும் இல்லாத அந்த இடத்தில்.

அத்தை முன் வரிசையில் இருந்தாள். “அத்த,” என்று கூப்பிட்டேன். அவள் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை, உதடும் நிற்கவில்லை. நூற்றைம்பது, நூற்றைம்பத்தொன்று. என்னைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நான் அந்த ஜன்னலில் தொங்கியபடி முந்நூறு வரை இருந்தேன். ஓடிவிட வேண்டும் என்று இருந்தது.

முந்நூறு என்றதும் பதினொரு கைகளும் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த நொடி எல்லோரும் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி முதுகை நெளித்தாள். ஒருத்தி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். காலனிப் பெண் ஒருத்தி தன் கேப்பைக் கூழை எங்கள் அத்தையின் பக்கம் நகர்த்தினாள். அத்தை அதில் விரலை விட்டு எடுத்துச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டு அத்தை அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எண்ணிக்கையைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மனிதர்களைப் போலவே சிரித்தார்கள்.

அத்தை வெளியே வந்து தூக்கை வாங்கிக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்ததாக இன்றும் எனக்கு ஞாபகம். அந்த வெயிலில் அப்படி இருந்திருக்க முடியாது.

“பாப்பா, வீட்ல யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள்.

“மிஷின் எங்க அத்த?”

“வரும்.”

வீடு வந்து சேர்ந்தபோது எனக்குக் காய்ச்சல். அம்மா பூசாரியிடம் தூக்கிப்போனாள். உச்சி வேளையில் முள்ளுக்காட்டு மேட்டுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று அவர் அம்மாவைத் திட்டி, வேப்பிலை அடித்தார். அத்தை சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் போர்வைக்குள்ளிருந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேய்க்குக் கால் தரையில் படாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் பாதம் தரையில் பட்டுத்தான் இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

ரகசியத்தை நான் சொன்னேனா, காய்ச்சல் சொன்னதா தெரியாது. மறுநாள் காலையில் அப்பா என் தலைமாட்டில் உட்கார்ந்து, “இன்னாம்மா பாத்த? பயப்படாம சொல்லு,” என்று கேட்டதும், நான் சொல்லிக்கொண்டே போனதும் நினைவிருக்கிறது. சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று விளக்கு வைத்த பிறகு அவர் அத்தையைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். கோபமாகப் பேசவில்லை. அவருக்கும் கொஞ்சம் பயம் பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

“மிஷின எப்ப எடுத்துக்கினு போனாங்க?”

“தெறந்த நாலாம் நாளு. ரிப்பேருன்னு சொல்லி லாரியில ஏத்திக்கினு போனாங்கண்ணா.”

“அன்னிலேருந்து அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க?”

“வேல,” என்றாள் அத்தை.

அத்தையே தொடர்ந்தாள்.

“திரும்பி வரப்ப கை வேகமா இருக்கறவங்களதான் வச்சிப்பாங்களாம். சும்மா இருந்தா கை மறந்துடும்.”

“யாரு சொன்னது?”

“சூப்பர்வைசரு.”

“அவரு எங்க இப்ப?”

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எனக்கு ஊசி போட அப்பா என்னைத் திண்டிவனம் கூட்டிப்போனார். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் கம்பெனிகளுக்கு அரசாங்கப் பணம் கொடுக்கிற ஏதோ ஓர் ஆபீசுக்குள் நுழைந்தார். கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் இருந்தார். நல்ல மனிதர். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார்.

“ஓடிக்கினு இருக்குதுங்களே,” என்றார்.

“இல்லீங்க. நேத்து நானே போயி பாத்தேன். மிஷினே இல்லீங்க.”

“போன வாரம் ஆள் போயி பாத்து எழுதியிருக்குது பாருங்க. பதினோரு பேரு, எல்லாரும் வேலையில. உற்பத்தி நடக்குது.” அவர் ஃபைலை எங்கள் பக்கம் திருப்பினார். “உங்க தங்கச்சி இதுல யாருங்க?”

அதில் ஒட்டியிருந்த போட்டோவில் பதினொரு பெண்கள் மிஷின்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் அத்தை. அப்பா விரலை வைத்துக் காட்டினார்.

“வேல செஞ்சிக்கினுதானே இருக்காங்க,” என்றார் கிளார்க். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

அப்பா போட்டோவிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். மிஷினோடு நிஜமாக வேலை செய்கிற அத்தை அந்தத் தாளுக்குள் இருக்கிறாள், சாயங்காலம் நம் வீட்டுக்கு வருவது வேறு யாரோ என்று எனக்குப் பட்டது. பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் அதைக் கேட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “போதும், நாளையிலேருந்து போவ வேணாம்,” என்று மட்டும் அத்தையிடம் சொன்னார். அந்த வாரமே திருவாமாத்தூருக்கு ஆள் போனது. அவர்கள் தயாராகவே இருந்தார்கள். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

அத்தை என்னிடம் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்குத் தலை வாரிவிட்டாள். சடை பின்னும்போது, “ரொம்ப பயந்துட்டியா பாப்பா?” என்று கேட்டாள்.

“ஆமா. நீ என்னப் பாத்துக்கினே பாக்காத மாதிரி இருந்த.”

“நூத்தைம்பதுல இருந்தேன். உங்கூட பேசியிருந்தா உட்டுப் போயிருக்கும்,” என்றாள்.

தலைதீபாவளிக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள். திரும்பும்போது நாலு நாள் துணைக்கு என்று என்னையும் அனுப்பினார்கள். மாமா பஸ்ஸில் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அத்தைக்கு ஜன்னல் ஓரம், பக்கத்தில் நான். காலை எட்டரை இருக்கும். மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது.

பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், ரோட்டோரச் சேற்றில் சிலர் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோவது தெரிந்தது. தலையில் கோணிப்பையைக் கவிழ்த்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் சோற்றுத் தூக்கு. எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர். பஸ் அவர்களைத் தாண்டும்போது நடுவில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துச் சட்டென்று கையைத் தூக்கினாள். மற்றவர்களும் நின்று திரும்பினார்கள். மழைத் திரைக்குப் பின்னால் பத்து முகங்களும் வெளுத்துப்போய், கண் இருக்கும் இடத்தில் நிழலாகத் தெரிந்தன.

அத்தை கை தூக்கவில்லை. கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். தலையும் புதுப் புடவையின் தோளும் நனைந்தன. அவர்கள் மறைந்த பிறகும் அவள் உள்ளே வரவில்லை.

“அத்த, சாரல் அடிக்குது,” என்று சொல்லி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். எட்டி, ஷட்டரை நானே இறக்கிவிட்டேன். உள்ளே இருட்டானது. அவர்கள் அவளைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் நின்றார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மட்டும் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அத்தையும் இந்த மழையில் அந்த வரிசையில் போய்க்கொண்டிருப்பாள். அவளைக் காப்பாற்றியது நான்தான் என்ற பெருமையோடு, ஈரமான அந்தத் தோளில் சாய்ந்து, திண்டிவனம் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.