கமலலோசனியின் ஐந்து சேலைகளும் தைலம்மாளின் தீர்ப்பும்

தைலம்மாள் செஞ்சிக் கடைத்தெருவில் தன் கணவர் கன்னியப்பனோடு இஸ்திரிக் கடை வைத்திருந்தார். தேய்ப்பது கன்னியப்பன், மடிப்பது தைலம்மாள். பிறந்த ஆண்டு 1921 என்று அவரே சொன்னார். அதற்குச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. யார் சேலை கட்டியதில் குறை கண்டாலும் அங்கேயே சொல்லிவிடுவார். கோயிலில் சொல்வார், கல்யாணத்தில் சொல்வார். ஒருமுறை சாவு வீட்டிலும் சொன்னார். அதை நேரில் கேட்டவர்கள் மூவர்.

1966 மே 14, சனிக்கிழமை, நாடகப் போட்டியின் பரிசளிப்பு விழா டூரிங் கொட்டகையில் நடந்தது. நடத்தித் தர சென்னையிலிருந்து நடிகை கமலலோசனி வந்தார். பரிசுகள் ஐந்து. ஒவ்வொரு பரிசுக்கும் சேலை மாற்றிக்கொள்ள அவர் கொண்டுவந்த சேலைகளும் ஐந்து. காரில் வந்ததில் எல்லாம் கசங்கிவிட்டன. விழாக் குழுத் தலைவர், ஜவுளிக்கடை இராமச்சந்திரன், அவற்றைக் கன்னியப்பனிடம் கொடுத்தார். அதுவரை அவர் கடையிலிருந்து பருத்தி மட்டுமே இவர்களிடம் வந்துகொண்டிருந்தது. பட்டெல்லாம் திண்டிவனம் போயிற்று.

"இதுல ஒரு குத்தம் வராம பண்ணிட்டா, திங்கக்கிழமையிலிருந்து பட்டும் உங்களுக்குத்தான்" என்றார் இராமச்சந்திரன். தைலம்மாள் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

விழா மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. பரிசுப் பட்டியல் என் பொறுப்பு. மேடைத் திரைக்குப் பக்கத்தில் என் மேசை. அதை ஒட்டிப் பெண்கள் பகுதி. முதல் வரிசை மணலில் தைலம்மாளும், சிங்கவரத்திலிருந்து வந்த அவர் சிநேகிதி காத்தாயியும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கமலலோசனி மயில்பச்சை ஜார்ஜெட்டில் வந்தார். கைதட்டல் அடங்கியதும் தைலம்மாள் பேசினார்.

"கொசுவம் ரெண்டு விரல் கீழ எறங்கிக்கினு இருக்குது. கொட்டகைய இனிமே யாரும் பெருக்க வேணாம்."

"உனுக்கு இன்னாடி, அவங்க சினிமாக்காரங்க" என்றார் காத்தாயி.

"சினிமாக்காரிக்கு இடுப்பு இல்லியா?"

இரண்டாவது, வெள்ளை நைலக்ஸ், உடம்பெல்லாம் ஜிகினா. ஐந்து மணி முப்பத்தைந்து.

"கொசுவலை" என்றார் தைலம்மாள். "அதுல மின்மினி மாட்டிக்கினு இருக்குது."

முதல் சேலைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இதற்குப் பின்வரிசையும் சிரித்தது. மூன்றாவது, அரக்குப் பட்டு, தங்கப் புட்டா போட்டது. சரியாக ஆறு மணி. தைலம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார். காத்தாயி அவர் முழங்கையை இடித்தார்.

"இன்னா, இதுல குத்தமே இல்லியா?"

"பொடவைய உள்பக்கம் வெளியில வச்சி கட்டிக்கினு வந்துட்டாடி. புட்டாவுல நூலு தொங்குது பாரு."

அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். சிரிப்பு ஆண்கள் பகுதிவரை போயிற்று. கமலலோசனி குனிந்து பார்த்தார். நடிகருக்கான பரிசை இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

அங்கே பேசியது என் மேசைக்குக் கேட்டது. சேலை கட்டிவிடுவதற்காகக் கூடவே அழைத்து வந்த செந்தாமரை என்ற பெண்ணைத்தான் திட்டினார். "கண்ணு எங்க வச்சிருந்த? நீ இப்பவே பஸ் பிடிச்சிப் போயிடு. நாளைக்கு வேலைக்கு வராதே."

"மடிச்சி வந்த மாதிரியேதான் கட்டினேன்க்கா" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதல் வரிசைக்கும் அது கேட்டது. சரிகை கருகாமல் இருக்கப் பட்டை உள்பக்கம்தான் தேய்க்க வேண்டும். தேய்த்ததை அப்படியே உள்பக்கம் வெளியே தெரிய மடித்துக் கொடுப்பது தைலம்மாளின் வழக்கம், முகப்பில் கரித்தூள் படாமல் இருக்க. வீட்டுப் பட்டைக் கொடுத்து வாங்கும் செஞ்சிக்காரர்கள் திருப்பிக் கட்டிக்கொள்வார்கள். சென்னைக்காரர்களிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தைலம்மாள் எழுந்தார். காத்தாயி முந்தானையைப் பிடித்து இழுத்தார். "குந்துடி. ஜவுளிக்கடைக்காரரு அங்கதான் நிக்கிறாரு."

"பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பரிசுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா. மடிச்சது நானு. எங்க ஊர்ல பட்ட அப்படித்தான் மடிப்போம். சொல்லி அனுப்பியிருக்கணும், சொல்லல."

இராமச்சந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கமலலோசனி கேட்டார்: "வெளியில சிரிச்சாங்களே, முதல்ல சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான்."

"மத்த ரெண்டுக்கும் சிரிச்சாங்களே."

தைலம்மாள் கொசுவத்தையும் கொசுவலையையும் சொன்னார், ஒன்றையும் குறைக்காமல். மின்மினியை மட்டும் விட்டுவிட்டார். கமலலோசனி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செந்தாமரையிடம், "இந்த அம்மா கட்டட்டும். நீ பார்த்துக்கோ" என்றார். பஸ் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நான்காவதான ஊதாச் சேலைக்கும் ஐந்தாவதான சந்தன நிறச் சேலைக்கும் யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவதைக் கட்டிவிட்டுத் தைலம்மாள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது மணி ஆறு ஐம்பது.

"இதுக்கு இன்னா சொல்ற?" என்றார் காத்தாயி.

"முந்தானை நாலு விரல் நீளம். நான்தான் விட்டுட்டேன்."

திங்கட்கிழமை இராமச்சந்திரன் கடையிலிருந்து மூட்டை வந்தது. பருத்தி மட்டும். பட்டு மூட்டை காலை எட்டே கால் திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதை நானே பார்த்தேன். நான் என் சட்டைகளைக் கொடுக்கப் போனபோது கன்னியப்பன் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வாய மூடிக்கினு குந்தியிருந்தா பட்டு நம்ம கடைக்கி வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றார் தைலம்மாள். "அந்தப் பொண்ணு அழுதுக்கினே பஸ்ல போயிருக்கும். இன்னொருத்தி கண்ணத் தொடச்ச பட்ட நான் எப்படி மடிக்கிறது?"

கன்னியப்பன் பெட்டியை மூடினார். தைலம்மாள் என் சட்டைகளை எண்ணி வாங்கினார். ஆறு. பிறகு நான் போட்டிருந்ததைப் பார்த்து, பித்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அப்படித்தான் இருந்தது.