இரண்டு ஆறாம் நம்பர்

ஹெஸ்டர் லாவல்லிக்கு எழுதி வைத்த எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. யெல்லோநைஃப் தபால் நிலையத்தில் இருபத்தேழு வருஷம் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கியவள். உறையின் மேல் இருக்கும் விலாசம் ஒன்று, கடிதம் போய்ச் சேர வேண்டிய வீடு வேறொன்று என்பதைத் தினமும் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட அவளுக்கு மிஞ்சியது ஒரு மடக்குப் படகுதான்.

முழுப் படகை விமானத்துக்கு வெளியே கட்டிக்கொண்டு, உள்ளே ஆளையும் ஏற்றிப் பறக்க ஊர் ஏரித் துறையில் எந்த விமானியும் சம்மதிப்பதில்லை. ஆகவே கோடைதோறும் அவளும் தங்கை கொலெட்டும் படகை மூட்டையாகக் கட்டி மிதவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு, வடக்கே ஏதாவது ஓர் ஏரியில் இறங்குவார்கள். அங்கே துணித் தோலுக்குள் கம்பிகளை மாட்டிப் படகாக்கி, இரண்டு வாரம் ஆற்றோடு வருவார்கள். விமானம் திரும்பிய பிறகு ஒரு கம்பி சரியில்லை என்றால் கேட்க நாதியில்லை.

இந்த வருஷம் மூட்டை கொலெட்டின் கணவன் ஆர்லோவின் நிலவறையிலிருந்து வந்தது. அவனிடமும் இதே மாதிரிப் படகு ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துக் காயப்போட்டு, ஒத்தாசை என்று நினைத்து அவனே பிரித்துக் கட்டியிருந்தான். அந்த ஒத்தாசைதான் ஹெஸ்டருக்கு உறுத்தியது.

துறையில் விமானி ரஸ் மூட்டைகளை எடை போட்டு முடித்துவிட்டான். காற்று மாறுகிறது, நாலு மணிக்குக் கிளம்பாவிட்டால் அடுத்த பயணம் ஆறு நாள் கழித்துத்தான் என்றான். கொலெட்டின் விடுப்பே பதினாறு நாள். ஹெஸ்டர் மூட்டையை அவிழ்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள்.

"விலாக்கம்பி பன்னெண்டும் இருக்குக்கா," என்றாள் கொலெட். "நானும் எண்ணிட்டேன், நீயும் எண்ணிட்டே. இன்னும் என்ன, கைரேகை எடுக்கணுமா?"

"எடுத்தா உன் வீட்டுக்காரன்தான் மாட்டுவான்."

பதினோரு கம்பிகள் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தன. ஒன்பது என்று நம்பர் போட்டது மட்டும் படகின் தோலுக்குள் அடங்காமல் இரண்டு விரல் துருத்தியது. ஹெஸ்டர் அதை உருவி, தலைகீழாகத் திருப்பினாள். ஆறு.

அடிக்கோடு இல்லாத நம்பர். ஆர்லோ பார்த்த பக்கத்திலிருந்து அவன் படகின் ஆறு ஒன்பதாக இருந்திருக்கிறது. எண்ணிக்கையும் சரி, நம்பரும் சரி, படகுதான் சரியில்லை.

கொலெட் வீட்டுக்குப் போன் போட்டாள். மூன்று இருபதுக்கு ஆர்லோ, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, தன் படகு மூட்டையில் கிடந்த ஒன்பதாம் கம்பியோடு வந்து நின்றான்.

"எண்ணித்தான் வெச்சேன் மதினி."

"தெரியும். எண்ணத்தான் செஞ்சிருக்கே."

கம்பியை வாங்கிய ஹெஸ்டர் நம்பரைப் பார்க்கவில்லை. நேரே படகுக்குள் வைத்து அழுத்தினாள். தோல் விறைத்து நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தாள். ரஸ் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, திரும்ப மூட்டை கட்ட மற்ற கம்பிகளை உருவ வந்து குனிந்தான். நாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மூட்டை ஏறியது.

நகரம் பின்னால் போனது. வெகுநேரம் கழித்து, இயந்திர இரைச்சலுக்கு மேல் கொலெட் கத்திக் கேட்டாள்.

"அக்கா, துடுப்ப யாரு பாத்தா?"

"நீதானே கட்டினே."

"அதான் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கொலெட் பின்பக்கம் கையை விட்டு மூட்டையைத் தடவத் தொடங்கினாள்.