அன்ஸ்காரின் இடத்தில் இருந்த பிள்ளை

அமெரிக்காவின் வட டகோட்டாவில் எங்கள் நார்வேக்காரர் சபையின் கல்லறைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் குழி வெட்டியவர் அன்ஸ்கார் ட்வெய்ட்டன். கோதுமை விவசாயி. இயந்திரத்தை உள்ளே விடமாட்டார். "அந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவாங்க?" என்பார், சிரிக்காமல்.

அந்த மே மாதம் மனைவி கூட்ரூன் இறந்தபோதும் அவரே வெட்டினார். கடைசி வரிசையில் இருவருக்கும் அடுத்தடுத்து இரண்டு இடம் வாங்கி வைத்திருந்தார். பக்கத்திலேயே படுப்பதாக அவளுக்குக் கொடுத்த வாக்கு. அதற்கப்பால் வேலி. மற்ற வரிசைகள் நிரம்பிவிட்டன.

எங்கள் மண் மேலே இரண்டடி கருப்பு, கீழே மஞ்சள் களி. ஒருமுறை வெட்டி மூடினால் இரண்டும் கலந்து புள்ளிபுள்ளியாகிவிடும்; எத்தனை காலமானாலும் பிரியாது. கூட்ரூனின் குழி பக்கவாட்டில், அன்ஸ்காரின் இடத்துக்குள் கொஞ்சம் சரிந்தது. அங்கே அந்தப் புள்ளிகள்; யாரோ முன்பே வெட்டி மூடிய இடம்.

அவர் மேல்மண்ணைத் தட்டையாகச் சீவினார். நான்கடி நீளத்தில் ஒரு செவ்வகம் தெரிந்தது. காப்பி கொண்டுபோன நான் குனிந்து பார்த்தேன். பார்க்க ஆளில்லாத புல்வெளியில், யாரோ ஒரு தகப்பன், தன் பிள்ளைக்கு நான்கு மூலைகளையும் அத்தனை நேராக வெட்டியிருந்தான்.

சபைப் பதிவேடு முதல் போதகர் வந்த நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆறு வருடம், புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில் இருந்தவர்கள் தாங்களே புதைத்து மரச்சிலுவை நட்டார்கள். சிலுவைகளைப் புல்வெளித் தீ கொண்டுபோனது.

மண் அள்ள வந்திருந்த பக்கத்து நிலத்துக்காரர் ஆர்வில் எட்டிப் பார்த்தார். "நூத்தி நாப்பது வருஷம் ஆச்சுய்யா. உள்ள ஆணிகூட இருக்காது. உன் இடம்தானே, விடு. உன் முறை வந்தா நான் வெட்டிக்கறேன்."

"நீ மாட்டுக்கொட்டகை போட்டப்போ என் நிலத்துல ஒரு அடி தாண்டுனியே, நான் எடுக்கச் சொன்னேனா?"

"அது மாடுய்யா!"

"இது பிள்ளை."

போதகர் சிக்ரித் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு அடக்கம், அன்ஸ்கார். உங்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது நிலத்துல இடம் தரலாம்."

"கோயில்லகூட நாங்க தள்ளி உக்காந்ததில்லைங்க, போதகரம்மா."

மண்வெட்டிக் காம்பால் குழியின் ஆழத்தை அளந்தார். பிறகு, "ஆழமா வெட்டறேன். அவ கீழ. நான் வந்தா மேல," என்றார்.

"கூட்ரூன் ஒத்துக்குவாளா?" என்றார் ஆர்வில்.

"நாப்பத்தாறு வருஷமா கட்டில்ல முக்கால்வாசி அவளுக்குத்தான். போகட்டும், அடி முழுக்க அவளே எடுத்துக்கட்டும்."

எழுபத்தொரு வயதில் எட்டடி. கருப்பு தாண்டி, களி தாண்டி, தொப்பி மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் மறைந்தது. நாங்கள் வாளி வாளியாக மண்ணை மேலே இழுத்தோம். ஆர்விலும் கயிற்றைப் பிடித்தார்.

அடக்கம் முடிந்து, ஆலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது, சுவரிலிருந்த கல்லறை வரைபடத்தை அன்ஸ்கார் இறக்கினார். தன் கட்டத்திலிருந்த தன் பெயரை அழித்தார். பென்சில் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. 'இங்கே ஒருவர் இருக்கிறார்' என்று எழுதினார்.

அப்புறம் பக்கத்துக் கட்டத்தில், கூட்ரூன் பெயருக்கு மேலே மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில், தன் பெயரை நுணுக்கி எழுதினார்.