கோதையின் செல்கள் இன்னும் வளர்கின்றன

கோதை காலமாகிவிட்டாள் என்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அவள் அண்ணா போனில் சொன்னபோது, நான் சென்னை ஆய்வகத்தில் அவளுடைய செல்களுக்கு ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தேன். குப்பியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு மற்றக் குப்பிகளுக்கும் மாற்றினேன். மாற்றாவிட்டால் அவை செத்துவிடும்.

அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும், வயிற்றுப் புற்றுநோய்ச் செல்களில் ஒரே ஒரு ஆர்.என்.ஏ.வைத்தான் வருடக்கணக்கில் துரத்தினாள். புரதம் எதையும் உண்டாக்காத ஆர்.என்.ஏ. அது, குப்பை என்று பலரும் ஒதுக்கிய வகை. ஆய்வகத்துக்கு ஒன்றாகப் போய்வரும் காஞ்சிபுரம் ரயிலில், தறிக்காரர் வீட்டுப் பெண்ணான நான் கேலி செய்தால், "அது சம்பாதிக்காத பெரியப்பாடி. ஆனா அவர் கனைச்சாத்தான் ஆத்துல அடுப்பே எரியும்" என்பாள்.

பிறகு அவளுக்கே அந்த நோய் வந்தது. விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அறுவையில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கே கொடுக்கச் சொன்னாள். அதில் வளர்த்த செல்களை ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு ரசஞ்சாதம் எறங்கலை. இவ வளர்ற வேகத்தைப் பாருடி!" அவற்றிலும் அந்த ஆர்.என்.ஏ. ஏராளம். அதை அடக்கினோம், அடக்கிய குப்பியில் வளர்ச்சி நின்றது. உடம்புக்குள் போய் அடக்க வழியில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான் போனாலும் இதைத் தூக்கிப் போட்டுடாதே. வேலை முடியட்டும்" என்றாள்.

பத்தாம் நாள் காரியத்துக்கு முன்பு அண்ணா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"அஸ்தி கரைச்சாச்சு. அவளோடது இங்க ஏதாவது மிச்சம் இருக்காம்மா?"

எனக்குப் பொய் வரவில்லை. "இருக்குதுண்ணா. வளந்துக்கினு இருக்குது."

"ஒரு பாகம் உசுரோட இருக்கச்சே நான் எப்படிப் பிண்டம் வைக்கறது? குடுத்துடு, எரிச்சுடறேன்."

கோதை சொன்னதைச் சொன்னேன். காட்டச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

"இதுவா என் தங்கையைத் தின்னது?"

"இதேதாண்ணா."

"ஆனா இது அவளும்தானே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலை முடியட்டும். முடிஞ்ச அன்னிக்குச் சொல்லு, வந்து வாங்கிண்டு போறேன். அதுவரைக்கும் பட்டினி போடாதேம்மா."

கோதை என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குப்பிகள்தான். தவறாமல் ஆகாரம் கொடுக்கிறேன். இனி கடைசிச் சோதனை. எல்லாக் குப்பியிலும் அந்த ஆர்.என்.ஏ.வை அடக்கி வளர்ச்சியை நிறுத்த வேண்டும். அவள் கேட்டது அதைத்தான். நிறுத்தியதும் அண்ணாவுக்குப் போன் செய்ய வேண்டியவள் நான்.