எங்கள் சந்தின் ஆள்காட்டி விரல்

குழாயடி, மாதா சிலை வைத்த கெபி, எங்கள் அத்தையின் வலதுகை ஆள்காட்டி விரல். ராயபுரத்தில் எங்கள் சந்தின் பொதுச் சொத்து இவ்வளவுதான். அத்தை அப்பாவின் தங்கை. கேரம் ஆடுவாள். சும்மா பொழுதுபோக்கு ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஆள் வந்து நின்று பார்க்கிற ஆட்டம். சிவப்புக் காயைப் போட்டு, உடனே ஃபாலோவுக்கு இன்னொரு காயையும் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வாள்.

அப்பாதான் கேரம் கிளப்பின் செயலாளர். கிளப் என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு போர்டு, தலைக்கு மேலே ஒரு பல்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை உட்கார்ந்தால் சந்தில் சைக்கிள் நுழையாது. அவள் எழுந்துபோய் அதே போர்டில் வேறு யாராவது உட்கார்ந்தால், பார்க்க மிஞ்சுவது நானும் டீக்கடை நாயும்தான். மற்றவர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள், பாவம். யார் அதைக் கவனித்தார்கள்!

ஆகவே வீட்டில் அந்த விரலுக்கு ராஜமரியாதை. அத்தை அரிவாள்மணையைத் தொடக்கூடாது, மீன் கழுவக்கூடாது, துணி அடித்துத் துவைக்கக்கூடாது. எல்லாவற்றையும் அம்மாவே இடுப்பொடியச் செய்தாள். "ஊர்ல இல்லாத வெரலு" என்று முணுமுணுப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் வரிசையில் நிற்பவளும் அவள்தான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அத்தைக்கு வந்த வரன்களில் ஒன்றுகூட அப்பாவுக்குச் சரிப்படவில்லை. தூத்துக்குடி மாப்பிள்ளை ரொம்பத் தூரம். திருவொற்றியூர் மாப்பிள்ளை பக்கம்தான், ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லையாம். கடைசியாக மீஞ்சூரிலிருந்து ஒருவர் வந்தார். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் போட்டோவை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். பெண் பார்க்க வருவதாக அவர்கள் சொன்ன முதல் ஞாயிறு கிளப்புகளுக்குள் நடக்கிற கப்பின் கால் இறுதி ஆட்டம், அப்பா தள்ளிப்போட்டார். அடுத்த முறை அரை இறுதி. அதற்கடுத்த முறை, கேட்கவே வேண்டாம், இறுதி ஆட்டம். தரகுக்காரப் பெண்மணி வாசலில் நின்று பொரிந்து தள்ளிவிட்டாள்.

"இன்னிக்கும் வாணாம்னா அவங்க வேற பொண்ணு பாத்துக்குவாங்க. அப்பால என்னைக் கேக்காதீங்க."

"கப்பு முடியட்டும்மா. கல்யாணம் எங்க ஓடிப்பூடுது?" என்றார் அப்பா.

அன்று காலை அம்மா வாங்கிவந்த கெளுத்தி மீனை அத்தை தானாகவே கேட்டு வாங்கிக் குழாயடிக்கு எடுத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் "ஏசுவே!" என்று ஒரு அலறல். கெளுத்தியின் முள் அந்த விரலில் ஏறி, விரல் கத்திரிக்காயாக வீங்கிவிட்டது.

அம்மா ஓடிவந்து திட்ட ஆரம்பித்தாள். "முள்ள வெட்டாம எவளாச்சும் கெளுத்திய கையில புடிப்பாளா? இன்னாடி பொண்ணு நீ..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். எங்கள் சந்தில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட கெளுத்திக்கு முள் எங்கே என்று தெரியும். அம்மா அத்தையின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சுடுதண்ணீர் வைக்கப் போனாள்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "ண்ணா, ஆடத்தான் முடியாதே. அவங்கள இன்னிக்கே வரச் சொல்லிடலாமா?"

வந்தார்கள். விரலில் கட்டோடு காபி கொடுத்தாள். பிடித்துப்போயிற்று. இறுதி ஆட்டத்தில் அத்தைக்குப் பதிலாக உட்கார்ந்தவர் கடைசிக் காய் வரை போராடித் தோற்றார். அதைப் பார்க்கச் சந்தில் ஆளே இல்லை. கப்பு போன ஆத்திரத்தில் நான் அத்தையோடு டூ விட்டேன்.

கோயிலில் சாமியார் அத்தையின் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் வெறிச்சென்று கிடந்தது. பொழுது போகாமல் அப்பா என்னைப் போர்டில் உட்காரவைத்தார். ஒரு காய் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. வழியில் போன இரண்டு பேர் நின்றார்கள். "அத்த மாதிரியே அடிக்குது பாரேன்!" என்றார் ஒருவர். அப்பா என் விரலைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உத்தரவு போட்டார்: "இனிமே பாப்பாவ மீனு கழுவ உடாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை சந்தோஷம். அத்தைதான் வந்து அதைக் கெடுத்தாள். அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியறியாதவள், என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "அவளயாச்சும் உட்டுடுண்ணா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் அவள் கையை உதறிவிட்டு அப்பாவிடம் ஓடினேன். அத்தைக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தேன்.