எஞ்சினுக்கும் கூட்டுத்தொகை பார்த்தவர்

என் அண்ணன் எட்டுக்குப் பயப்படுகிறார்.

அஸ்தினாபுரத்துப் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்து, ஜாதகம், ராகுகாலம், வாஸ்து எல்லாவற்றையும் கிழித்துத் தொங்கவிடுகிற அதே மனிதர்தான். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். அவர் பயந்த காரணத்தால், ஆறு சிலிண்டர் கார் கேட்ட நான் இன்று நான்கு சிலிண்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் மறுக்கலாம். மறுக்கட்டும். தாள் என்னிடம் இருக்கிறது.

நான் பீர்க்கன்கரணையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இடதுபக்க சீட்தான். என் காலுக்கடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். வலதுபக்கம் உட்காருகிறவர் பேங்க் மேனேஜராக இருந்தாலும், கல்யாணமாகி வெளிநாடு போகப்போகிற பெண்ணாக இருந்தாலும், பஸ்ஸைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். நான் மிதிப்பேன். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை நான் மிதித்த பிரேக்கால்தான் பல குடும்பங்கள் முழுசாக இருக்கின்றன. யாரும் நன்றி சொன்னதில்லை. "ஏன் மேடம் திடீர்னு புடிக்கறீங்க" என்றுதான் கேட்பார்கள்.

என் ஸ்கூலில் நான்கு கார்கள். நான்கின் நம்பருக்கும் கூட்டுத்தொகை எட்டு. வேண்டுமென்றே வாங்கியது. நம் ஊரில் எட்டு வருகிற நம்பர் விழுந்தால் ஆட்கள் இரண்டு நாள் பொறுத்து ஒன்பது வாங்குவார்கள். சனீஸ்வரனின் எண்ணாம். எனக்குப் பொறுக்க நேரமில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். தவிர, எட்டு போட்டுக் காட்டாமல் இந்த ஊரில் யாருக்கும் பைக் லைசென்ஸ் கிடையாது. தரையில் எட்டு வரைந்து, அதில் பிள்ளைகளைச் சுற்ற வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். எனக்குச் சோறு போட்ட எண் அது. இதை அண்ணன் தன் கூட்டத்திலேயே மேற்கோளாகச் சொல்லியிருக்கிறார். "என் தங்கச்சிய பாருங்க. நாலு வண்டி, நாலும் எட்டு. இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா?" கைதட்டல் வாங்கினார். கீறல் இல்லாததற்குக் காரணம் பிரேக்கில் இருந்த என் கால் என்று அவர் சொல்லவில்லை. போகட்டும்.

பொத்தேரியில் எங்கள் அப்பா விட்டுப்போன மனையை மாணவர் விடுதி கட்டுகிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். என் பங்கு வந்தது. நகை வாங்கு என்றார்கள், ஃபிளாட் வாங்கு என்றார்கள். நான் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவேன் என்றேன். வேறு யார் காலுக்கும் பிரேக் இல்லாத ஒரு வண்டி, அதில் வலதுபக்கம் நான். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

நான் பார்த்த வண்டிக்கு இரண்டு எஞ்சின் உண்டு. ஒன்று நான்கு சிலிண்டர், 1998 சிசி. இன்னொன்று ஆறு சிலிண்டர், 2996 சிசி. வெளியே பார்த்தால் ஒரே வண்டி. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து மட்டும் வேறு. இரண்டையும் ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிறு காலை அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே இருந்த விற்பனைப் பையன் முழு நேரமும் அண்ணனிடமே பேசினான். "சார், உங்களுக்கு எந்த கலர் சார்?" "சார், டிரைவர் வெச்சிருக்கீங்களா சார்?"

"தம்பி, நான் டிவிஎஸ் ஃபிஃப்டிய தாண்டினதே இல்ல" என்றார் அண்ணன். "வண்டி இவங்களுக்கு."

"ஓ, மேடமுக்கு கிஃப்ட்டா சார்?"

"ஆமாம்ப்பா, எனக்கு நானே குடுக்கறேன். சாவிய இங்க குடு" என்றேன்.

வண்டலூர் வெளிவட்டச் சாலைக்குப் போனோம். முதலில் நான்கு சிலிண்டர். மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. கெட்டிக்காரத்தனமான எஞ்சின். கடன் கேட்டால் "இருங்க, வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டு, பிறகு கேட்டதற்கு மேலே கொண்டுவந்து கொடுக்கிறவனைப் போல. அடுத்தது ஆறு சிலிண்டர். அது யோசிக்கவே இல்லை. கால் கட்டைவிரலை அழுத்தினேன், அந்த அளவுக்குப் போனது. பாதத்தை அழுத்தினேன், அந்த அளவுக்குப் போனது. சத்தம் அடிவயிற்றில் ஆரம்பித்து மேலே ஏறி ஏறி, நான் காலை எடுத்த பிறகும் காதில் நின்றது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டாவது கியரிலேயே வாழ்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை.

இறங்கி வந்து, "இதுதான்" என்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்பக்கம் வெயிட் ஜாஸ்தி. நாலுலயே டார்க், அதான் முறுக்குவிசை, சீக்கிரம் வருது. ஜிஎஸ்டி ரோடுக்கு அது போதும்" என்றார்.

"ஜிஎஸ்டி ரோடுக்கு சைக்கிளே போதும்ணா."

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் என் ஸ்கூல் பிள்ளைகளுக்கு வரிசையாக லைசென்ஸ் டெஸ்ட். விடியற்காலையிலிருந்து மைதானத்திலேயே நின்றேன். அதனால் புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். கட்டங்களை நிரப்பவில்லை. சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று. நான் போட்டேன். கூடப் பிறந்தவர், முப்பத்தைந்து வருஷம் பாடம் சொன்னவர், பகுத்தறிவாளர். வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?

சாயங்காலம் போன் செய்தார். "அந்தப் பெரிய எஞ்சினை நிறுத்திட்டாங்களாம்மா. இந்தியாவுக்கு இனிமே வராதாம். நாலு சிலிண்டர் போட்டுட்டேன்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "சரிண்ணா, உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்று வேறு சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வண்டி வந்தது. நம்பர் போடுகிற சமயம் ஷோரூமிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், கூட்டுத்தொகை எட்டு வருது. ரெண்டு நாள் வெயிட் பண்ணீங்கன்னா..."

"எட்டே போடுப்பா."

அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அண்ணன் வண்டியைச் சுற்றிவந்து, நம்பர் பிளேட் முன்னால் நின்று, உதடு அசைய எதையோ கூட்டினார். பிறகு முகம் மாவு பூசியது போல ஆனது. "ஏறுங்கண்ணா, ஒரு ரவுண்டு போலாம்" என்றேன். முட்டி வலி என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டேன், முதுகு வலி. அதற்கடுத்த வாரம், சீட் தாழ்வாக இருக்கிறது, ஏறினால் இறங்க முடியாது என்றார். நான் வண்டியில் போய், அவர் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்து, இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போனோம். பெண் வீட்டார் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துத் தனித்தனியாக விசாரித்தார்கள்.

இரும்புலியூரில் என் ஸ்கூல் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் மட்டும் புது வண்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான். "இன்னாக்கா இது, இதுக்கும் எட்டா? எல்லாரும் எட்ட பாத்தா ஓடிகினு கீறான், நீ தேடிப்போய் எட்த்துகினு வர்ற."

"உனக்கு பயமா?"

"பயந்தான். நான் தொறந்து சொல்லிட்டேன்ல."

அவன் யோக்கியன். சொல்லிவிட்டான்.

போன மாதம் இன்ஷூரன்ஸ் நகல் தேவைப்பட்டது. புக்கிங் காகிதமெல்லாம் அண்ணன் வீட்டு ஃபைலில் இருந்தது. அவர் கடைக்குப் போயிருந்தார். அண்ணி ஃபைலை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வண்டியின் விளம்பரத் தாளுக்குப் பின்பக்கம், சிவப்பு மையில், விடைத்தாள் திருத்துகிற அதே கையெழுத்தில், இப்படி இருந்தது:

2+9+9+6 = 26. 2+6 = 8.

இருபத்தாறைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு மேலே இன்னொரு வட்டம். தாள் கிழிகிற அளவுக்கு.

அதற்குக் கீழே: 1+9+9+8 = 27. 2+7 = 9. பக்கத்தில் ஒரு டிக்.

நான் எத்தனையோ எண் பைத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நம்பர் பிளேட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டிப் பார்க்கிறவனை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. சாமானியனின் மூடநம்பிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. என் அண்ணன் இயற்பியல் படித்தவர், சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

ஷோரூமுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "நிறுத்தவே இல்லையே மேடம்" என்றான் பையன். "சார்தான் சின்னது போதும்னு டிக் பண்ணார்."

அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தார். கேட்டேன், "அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து தெரியும்" என்றார். "வாசல்ல நம்பர் பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். 16-A. முன்பு பதினேழு. தெரு எண்களை மாற்றிவிட்டார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பக்கத்து வீடு பதினெட்டு, இந்தப் பக்கம் பதினாறு. நடுவில் இவர் வீடு மட்டும் எப்படி மாறும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"பெயின்ட் வாங்கிட்டு வந்து அவரே எழுதினார்" என்றார் அண்ணி. "கூரியர்காரன் இன்னிக்கும் போன் பண்ணித்தான் வருவான்."

"சரி, வீடு அவரோடது. என் எஞ்சின்ல என்ன?"

அண்ணி கொஞ்சம் தயங்கினார். "நீ பொறந்தது இருபத்தாறாம் தேதி. அந்த எஞ்சினும் கூட்டினா இருபத்தாறு. எட்டும் எட்டும் சேரக்கூடாதாம். அன்னிக்கு நீ அந்த வண்டிய ஓட்டிட்டு வந்து எறங்கினப்போ உன் மூஞ்சிய பாத்தாராம். 'இவ இதுல நிறுத்தவே மாட்டா'ன்னு சொல்லிட்டேதான் வீட்டுக்குள்ள வந்தார். வந்ததும் பேனாவ எடுத்தார்."

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்தீர்கள். உருகவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். என் மேல் பயமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். "மெதுவா ஓட்டு" என்று இரண்டு வார்த்தை. நான் கேட்டிருக்கமாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு கம்பெனியின் எஞ்சினையே அவர் வாயால் நிறுத்தினார்.

அவர் பையோடு உள்ளே வந்ததும் தாளை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"இது சும்மா ஒரு கணக்கு."

"சும்மா கணக்குக்கு ரெண்டு வட்டமாண்ணா?"

"முன்பக்கம் வெயிட்..."

"நான் பொறந்ததே இருபத்தாறு. என்னை என்ன பண்ணப் போறீங்க? 25-A-ன்னு மாத்திடலாமா?"

அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் பையிலிருந்து வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். நான் அங்கிருக்கும் வரை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

நான்கு சிலிண்டர் நல்ல வண்டிதான். அதைக் குறை சொல்லமாட்டேன். வெளிவட்டச் சாலையில் காலை அழுத்தும்போது அது ஒரு நொடி யோசிக்கிறதல்லவா, அந்த ஒவ்வொரு நொடியிலும் எனக்கு அண்ணன் முகம் தெரிகிறது. அதுதான் என் குறை. என் வாழ்நாளில் வேறு யார் காலும் பிரேக்கில் இல்லாத ஒரு வண்டி கேட்டேன். அதிலும் ஒருவர், உள்ளே ஏறாமலேயே, மிதித்துவைத்திருக்கிறார்.

அண்ணா, உங்கள் பூங்காப் பலகையில் வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பை எழுதிவிட்டார்கள். 'எண்களும் மூடநம்பிக்கையும்' என்று இருக்கிறது. பேசப்போவது நீங்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி எனக்கு வேண்டும். தாளைக் கையோடு கொண்டுவருகிறேன். எனக்குத் தனியாக போன் செய்து சமாதானம் சொல்லாதீர்கள், அண்ணியிடம் சொல்லி அனுப்பாதீர்கள். நான் கேட்பதற்கு அங்கே, அத்தனை பேர் முன்னால் பதில் வேண்டும்.

எட்டுக்குப் பயமில்லை என்றால், கூட்டம் முடிந்ததும் பூங்கா வாசலில் என் வண்டி நிற்கும். எல்லோரும் பார்க்க இடதுபக்கம் ஏறுங்கள். அங்கே பிரேக் கிடையாது. பொத்தேரி வரை போய்வரலாம். பயம் என்றால், மெக்கானிக் சொன்னது மாதிரி திறந்து சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை நீங்களே என்னோடு ஷோரூமுக்கு வந்து இதைக் கொடுத்துவிட்டு ஆறு சிலிண்டருக்கு எழுதிக்கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அந்த இருபத்தாறைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டது யார்? மைக்கை அணைக்காமல் சொல்லுங்கள்.